காங்கேயம் கன்று சென்னை பக்கம் எங்கே பார்க்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. ஞாயிறன்று அக்கா பையனை நந்தம்பாக்கத்தில் நடந்த வேளாண் கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். டிராக்டர், டிரோன் எல்லாம் பார்த்தான், சரி. காங்கேயம் காளை முன்னால் நின்றவன்தான் நகரவே இல்லை. சாம்பல் உடம்பு, திமிலும் கழுத்தும் மட்டும் கறுத்து, ஆள் கம்பீரம்!

"இதுவே கன்னுக்குட்டியா இருந்தப்போ செவப்பாத்தான் இருந்துச்சு, ஆறு மாசம் போனா நிறம் மாறிடும்" என்று மாட்டுக்காரர் சொல்லிவிட்டார். உம்பளச்சேரிக் கன்றும் அப்படித்தான். அன்றிலிருந்து "மாமா, செவப்புக் கன்னுக்குட்டி எப்போ காட்டுவீங்க?" என்று ஒரே நச்சரிப்பு.

செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் காங்கேயம் வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? பிறந்து சில மாதமே ஆன கன்றாக இருக்க வேண்டும். காலையில் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். வாலைப் பிடித்து இழுக்க மாட்டான், அதற்கு நான் பொறுப்பு. காங்கேயம் வரைக்கும் போய்வர இப்போதைக்கு லீவு கிடைக்காது.