32 கிலோ லேப்ராடாரோடு போக எந்த அளவு பேடில் போர்டு வாங்கலாம்? (முட்டுக்காடு)

பூசணி அப்பா:

வணக்கம். என் எடை 74 கிலோ. வீட்டில் பூசணி என்றொரு லேப்ராடார், 32 கிலோ. இரண்டு பேரும் காலை வேளையில் முட்டுக்காடு உப்பங்கழியில் சுற்றிவர ஒரு பேடில் போர்டு (நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் பலகை) வாங்கலாம் என்றிருக்கிறேன். கடலுக்குள் போகும் எண்ணம் இல்லை. அலை இல்லாத தண்ணீர் போதும்.

சிக்கல் இதுதான். வாடகைக்கு எடுத்துப் பார்த்தது காற்றடிக்கும் போர்டு. 10 அடி 6 அங்குல நீளம், 30 அங்குல அகலம், 12 செ.மீ. தடிமன். நான் மட்டும் நின்றால் ஒரு தொந்தரவும் இல்லை. பூசணி முன்னால் ஏறி உட்கார்ந்ததும் போர்டின் மூக்கு, அதாவது முன்நுனி, தண்ணீருக்குள் அமுங்குகிறது, நடுப்பகுதி தொய்ந்து என் பாதத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. கொக்கு பறக்கிறதென்று அவள் தலையைத் திருப்பினால் போதும், இரண்டு பேரும் தண்ணீரில்.

போர்டில் "அதிகபட்சம் 130 கிலோ" என்று போட்டிருக்கிறது. எங்கள் இருவர் எடையும் சேர்த்து 106தானே, பிறகு ஏன் இப்படி? கெட்டி போர்டு வாங்குவதா, காற்றடிப்பது வாங்குவதா? நகம் பட்டுக் கிழியுமா? வீடு மூன்றாவது மாடி, கார் சின்னது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கோவளம் அலைக்காரன்:

ப்ரோ, அந்த 130 கிலோ என்பது பெரும்பாலும் போர்டு தாங்கும் எடை, அவ்வளவுதான். அதன்மேல் நின்று நிம்மதியாகத் துடுப்பு போடலாம் என்று அர்த்தமில்லை. போட்டிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நம் மொத்தச் சுமை நிற்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. நீங்கள், பூசணி, அவளுடைய லைஃப் ஜாக்கெட், தண்ணீர் பாட்டில், நனைந்த ரோமம் எல்லாம் சேர்த்து 110 என்று வையுங்கள். அப்படியென்றால் 160, 170 போட்டிருக்கும் போர்டாகப் பாருங்கள்.

லிட்டரிலும் பார்க்கலாம். ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்க வைக்கும். நீங்கள் எடுத்த 12 செ.மீ. போர்டு 220 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். போர்டின் சொந்த எடையையும் சேர்த்தால் பாதிக்கு மேல் தண்ணீருக்குள். 15 செ.மீ. தடிமனில் 11 அடி, 34 அங்குலம் என்றால் 320 லிட்டர் பக்கம் வந்துவிடும்.

ஆனால் நடுவில் தொய்கிறது என்றீர்களே, அங்குதான் எனக்குச் சந்தேகம். எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இருந்தது?

பூசணி அப்பா:

தெரியவில்லை அண்ணா. கடைப் பையன் கை பம்பில் அடித்தான். முள் பூஜ்யத்திலேயே நின்றது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "போதும் சார்" என்றான்.

கோவளம் அலைக்காரன்:

பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. கை பம்பில் இருக்கும் அந்த மீட்டர் ஐந்து ஆறு பிஎஸ்ஐ வரும்வரை அசையவே அசையாது. புதிதாக அடிப்பவர்கள் மீட்டர் பழுது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் கல் மாதிரிதான் இருக்கும், ஏறி நின்றால் தொய்யும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கை கடுக்க ஆரம்பித்ததும் பம்பை ஒற்றை வழிக்கு (கீழே அழுத்தும்போது மட்டும் காற்று போகும்படி) மாற்றிக்கொண்டு 15 வரை கொண்டுபோக வேண்டும் (உங்கள் போர்டின் வால்வு பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்).

புதிது வாங்கும் முன் அதே கடையில் 15 பிஎஸ்ஐ அடித்துத் தரச் சொல்லி ஒருமுறை பூசணியை ஏற்றிப் பாருங்கள். தொய்வு பெருமளவு குறைந்துவிடும். மூக்கு அமுங்குவது மட்டும் போகாது. அதற்கு அகலம் வேண்டும்.

துடுப்பு தாத்தா:

அகலம் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்து அகலம் என்று யாரும் கேட்பதில்லை.

பெட்டியில் 34 அங்குலம் என்று அச்சிட்டிருப்பது போர்டின் மிக அகலமான இடம், அதாவது போர்டைத் தூக்க நடுவில் வைத்திருக்கும் கைப்பிடிக்குப் பக்கத்தில். அங்கே நிற்கப் போவது நீங்கள். நாய் உட்காரப் போவது அதிலிருந்து மூன்று, நான்கு அடி முன்னால். 34 அங்குலம் என்றே இரண்டு போர்டு இருக்கும். ஒன்றின் மூக்கு கூர்ந்து போயிருக்கும், இன்னொன்று வட்டமாக, தட்டையாக இருக்கும். கூர்மூக்கு வேகத்துக்கு நல்லது. நாய்க்கு உதவாது. கடைக்கு டேப் எடுத்துப் போங்கள். நுனியிலிருந்து ஒரு அடி உள்ளே வந்து குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு போர்டையும் அப்படி ஒப்பிட்டு அகலமானதை எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று: காலடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் மெத்தை எதுவரை போகிறது? நிறைய போர்டில் நடுவோடு நின்றுவிடும், முன்னால் வெறும் பிவிசி. ஈரத்தில் நாய் அதன்மேல் வழுக்கும், வழுக்கினால் நகத்தை ஊன்றும், ஊன்றினால் பயப்படும். மெத்தை மூக்கின் பக்கம் வரை வந்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. வராவிட்டால் தனியாக ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டலாம், ஆனால் உப்புத் தண்ணீரில் ஓரம் கிளம்பிவிடும்.

கெட்டி போர்டா என்று கேட்டீர்கள். மூன்றாவது மாடிக்கு 11 அடி பலகையை எப்படித் திருப்பி ஏற்றுவீர்கள்? ஃபைபரில் ஒரு கீறல் ஆழமாக விழுந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடிக்கும். உங்கள் நிலைக்குக் காற்றடிப்பதுதான் சரி. நகத்துக்கு அந்தப் பிவிசி சுலபமாகக் கிழியாது. மேலே இருக்கும் மெத்தைதான் பிய்யும். நகத்தை வெட்டி வையுங்கள், போதும்.

முட்டுக்காட்டில் நகத்தைவிட ஆளி (கல்லில் ஒட்டி வளரும் சிப்பி) ஓட்டுக்குப் பயப்படுங்கள். பாலத்தூண், கருங்கல் எங்கும் ஒட்டிக் கிடக்கும். பிளேடுதான். போர்டுக்கும் ஆபத்து, பூசணி பாதத்துக்கும் ஆபத்து. மணல் கரை பார்த்து இறங்குங்கள். சில இடத்தில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. நீளமான ஃபின், அதாவது போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, மணலில் இடித்து போர்டு சட்டென்று நிற்கும், நாய் முன்னால் பறக்கும். குட்டை ஃபின் கழற்றி மாட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேகப்பிரியன்:

நான் 12 அடி 6 அங்குல டூரிங் போர்டு (நெடுந்தூரம் போவதற்கான நீளமான வகை) சொல்வேன். நீளம் கூடினால் கொள்ளளவும் கூடும், நேராகவும் போகும்.

துடுப்பு தாத்தா:

தம்பி, நேராகப் போகும், சரி. 32 கிலோ முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஏரிக்கரை அக்கா (ஒன்ராறியோ):

நாங்கள் இங்கே ஒன்ராறியோ ஏரிகளில் கோடை முழுக்க நாயைக் கூட்டிக்கொண்டு போறனாங்கள். போர்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நாயைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் கூடத்தில் போர்டைக் காற்றடித்துப் போடுங்கோ, ஃபின் கழற்றிவிட்டு. அதிலேயே சாப்பாடு வையுங்கோ. "ஏறு", "இரு", "இறங்கு" மூன்றும் அங்கேயே பழக வேண்டும். "இறங்கு" சொல்லாமல் இறங்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பிறகு போர்டை லேசாக ஆட்டிப் பழக்குங்கோ.

போர்டின் முன்பக்கத்தில் பை கட்டுவதற்கு எலாஸ்டிக் கயிறு குறுக்கே மாட்டியிருப்பார்கள். நாய் இருக்கிற இடமே அதுதான். கால் மாட்டினால் பதறும். கழற்றிவிடுங்கோ.

தண்ணீரில் முதலில் முழங்காலில் இருந்தபடி ஓட்டுங்கோ. பூசணி எவ்வளவு முன்னால் இருக்கிறாளோ அதற்கேற்ப நீங்கள் கைப்பிடிக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்க வேணும். மூக்கு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தூக்கி நின்றால் வால் அமுங்குகிறது என்று அர்த்தம், முன்னுக்கு வாங்கோ.

லைஃப் ஜாக்கெட் முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கோ. லேப்ராடாருக்கு நீந்தத் தெரியுமே என்று விடாதீங்கோ, அந்தக் கைப்பிடி நீந்தத் தெரியாது என்பதற்காக அல்ல, திரும்ப ஏற்றுவதற்கு. ஏற்றும்போது கைகளால் மட்டும் தூக்கப் பார்த்தால் போர்டு அவள் பக்கமே கவிழும். நடுவில் முழங்காலிட்டு, அவளுடைய முன்னங்கால் இரண்டையும் போர்டு ஓரத்தில் ஏற வையுங்கோ. பிறகு கைப்பிடியைப் பிடித்து உங்கள் உடம்பை எதிர்ப்பக்கமாகப் பின்னுக்குச் சாய்த்தால் அவளே வழுக்கி மேலே வந்துவிடுவாள். இடுப்பளவு தண்ணீரில் இதைப் பழகாமல் ஆழத்துக்குப் போகவே வேண்டாம். ஏறியதும் உடம்பைச் சிலிர்ப்பாள், அந்த நேரம் எழும்பி நிற்காதீங்கோ.

நாயை ஒருபோதும் போர்டோடு கட்டாதீங்கோ. போர்டோடு இணைக்கும் கயிறு உங்கள் காலுக்கு மட்டும்.

பூசணி அப்பா:

அக்கா, அந்த எலாஸ்டிக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. தாத்தா, டேப் எடுத்துக்கொண்டு போகிறேன். உப்புத் தண்ணீர் அவளுக்கு ஏதும் செய்யுமா? நாக்கால் நக்கிக்கொண்டே இருக்கிறாள்.

கால்நடை டாக்டர் (ஈ.சி.ஆர்.):

நக்குவது பரவாயில்லை, குடிப்பதுதான் கூடாது. உப்புத் தண்ணீர் அதிகம் உள்ளே போனால் வாந்தி, பேதி ஆகும்; ரொம்பக் குடித்துவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும். பந்தைக் கவ்வி எடுக்கும் நாய்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் குடிக்கும், அதனால் தண்ணீரில் பந்து எறியும் விளையாட்டு வேண்டாம். நல்ல தண்ணீர் கையில் வைத்துக் கால் மணிக்கொருமுறை கொடுங்கள். திரும்பியதும் குளிப்பாட்டிக் காதைத் துடைத்துவிடுங்கள்.

மழை முடிந்த வாரங்களில் உப்பங்கழித் தண்ணீரில் ஊரின் எல்லா அழுக்கும் சேர்ந்திருக்கும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அவளுடைய புத்தகத்தைப் பாருங்கள்; வருடா வருடம் போட வேண்டும். நம் ஊர் வெயிலில் கறுப்பு மெத்தை போர்டு வாங்காதீர்கள். ஏற்றும் முன் புறங்கையை ஏழு விநாடி அதன்மேல் வையுங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அவளும் நிற்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்த பிறகு ஏற்றுங்கள்.

கோவளம் அலைக்காரன்:

டாக்டர் மழை என்றதும் ஞாபகம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் திறந்துகொள்ளும். வற்றம் நேரத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, பாலத்துக்கு அடியில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். பாலத்துக்குக் கிழக்கே போகவே போகாதீர்கள். ஆனி, ஆடியில் காலையிலேயே மேல்காற்று இருக்கும், அதுவும் உங்களைக் கிழக்கேதான் தள்ளும். அதனால் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். கோடையில் மதியம் கடற்காற்று எழும்பும் முன் கரைக்கு வந்துவிட வேண்டும். படகுக் குழாமின் மோட்டார் படகு ஓடும் பாதையில் நாயோடு நிற்காதீர்கள். உங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம், ப்ரோ.

பூசணி அப்பா:

கடைக்குப் போய் வந்தேன். டேப்பைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார், ஆனால் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரே 34 அங்குலத்தில் இரண்டு போர்டு. மூக்கிலிருந்து ஒரு அடியில் ஒன்று 19 அங்குலம், இன்னொன்று 25. இரண்டாவதைத்தான் எடுத்தேன். 11 அடி, 15 செ.மீ. தடிமன், வெளிர் சாம்பல் மெத்தை மூக்கு வரை, 170 கிலோ. இப்போது கூடத்தில் கிடக்கிறது, பூசணி அதன்மேல்தான் தூங்குகிறாள்.

கடைசியாக ஒரு கேள்வி. காரின் 12 வோல்ட் பிளக்கில் ஓடும் பம்ப் வாங்கலாமா? கையால் அடித்தே தோள் போய்விடும் போல.

கோவளம் அலைக்காரன்:

வாங்குங்கள். எஞ்சினை ஓட விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும். பிளக்கின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று கார் புத்தகத்தில் பார்த்து, பம்ப் அதற்கு மேல் இழுக்காததாக எடுங்கள். 15-இல் தானாக நிற்கும் மாதிரி நல்லது. காற்றடித்த போர்டை வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சூட்டில் உள்ளழுத்தம் ஏறும், ஒட்டிய இடம் விடும். நிழல் இல்லையென்றால் உடனே தண்ணீரில் இறக்கிவிடுங்கள், அல்லது இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்து வையுங்கள்.