கதிர்ப்பூரணை: சீனரின் எட்டாம் மாத முழுநிலா நாளுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சீனக் குடும்ப வழக்கங்களைப் பற்றிய சிறுவர் நூலொன்றை நான் தமிழாக்கி வருவதும், அதில் வரும் 'சோங்ச்சியூ' என்னும் விழாவுக்கு ஒரு பெயர் வேண்டிச் சென்ற வாரம் இங்கே எழுதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 'நடு இலையுதிர்காலத் திருவிழா', 'விளக்குத் திருவிழா', 'சீன அறுவடைத் திருநாள்', 'நிலாச்சோற்று விழா' என நான்கு பெயர்கள் வந்தன. நான்கையும் நூலின் வரிகளில் பொருத்திப் பார்த்தேன். எதுவும் எனக்கு நிறைவு தரவில்லை என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 'இலையுதிர்காலம்'. 'சோங்' என்றால் நடு, 'ச்சியூ' என்பது பருவத்தின் பெயர். சீனரின் மரபு நாட்காட்டியில் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் அந்தப் பருவத்துக்கு உரியவை. அவற்றுள் நடுமாதம் எட்டாவது, அந்த மாதத்தின் நடுநாள் பதினைந்தாவது என்பதால்தான் இந்தப் பெயர். ஆனால் 'ச்சியூ' என்ற எழுத்தில் இலையும் இல்லை, உதிர்தலும் இல்லை. அதன் இடப்பாதி வயலில் நிற்கும் பயிரைக் குறிக்கும் வடிவம், வலப்பாதி தீயைக் குறிக்கும் வடிவம். நாம் இலை உதிர்வதைக் கொண்டு பெயரிட்டுப் பழகிவிட்ட பருவத்தை அவர்கள் பயிரையும் தீயையும் சேர்த்து எழுதுகிறார்கள். தென்சீன நகரமான குவாங்சோவில் நான் பணியிலிருந்த ஆண்டுகளில் இந்த நாள் வந்தபோதெல்லாம் வெயில் சுட்டெரித்தது. தெருவோர மரங்கள் பச்சைப்பசேலென்று நின்றன. இலையுதிர்காலம் என்று சொல்லும்படி எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

நம் ஆறு பெரும்பொழுதுகளுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் பரிசீலித்தேன். இந்த விழா பெரும்பாலும் புரட்டாசியிலும் சில ஆண்டுகளில் ஆவணிக் கடைசியிலும் வருகிறது. 2022இல் செப்டம்பர் 10 அன்று வந்தது. 2025இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இருமுறை வந்ததால் அக்டோபர் 6 வரை தள்ளிப்போயிற்று. ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம். ஆகவே மாதக் கணக்கின்படி 'நடுக்கார்' என்று வைத்துவிடலாம். ஆனால் கார் என்றதும் தமிழ் வாசகரின் கண்முன் வருவது கருமேகம். சீனருக்கோ ஆண்டிலேயே வானம் மிக உயர்ந்து, தெளிந்து, நிலவு முழுமையாகத் தெரியும் பருவம் இது. மாதம் பொருந்தி வானம் முரண்படும் ஒரு சொல்லைக் குழந்தைகளின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. கூதிர் இன்னும் தொலைவு. அது ஐப்பசி, கார்த்திகைக்கு உரிய குளிர்ப்பொழுது.

'விளக்குத் திருவிழா' என்பது சிங்கப்பூர், மலேசியப் பேச்சு வழக்கில் இந்த நாளுக்கும் வழங்குகிறது. பிள்ளைகள் கூண்டு விளக்குகளை ஏந்தித் தெருவில் நடப்பதே காரணம். ஆயினும் சீனத்தில் விளக்குக்கென்றே உரிய பெருவிழா முதல் மாதத்துப் பதினைந்தாம் நாளில், புத்தாண்டுக் கொண்டாட்டங்களை முடித்துவைப்பதாக வருகிறது. இந்த நூலிலேயே அதற்குத் தனி இயல் உண்டு. ஒரே நூலில் இரண்டு விளக்குத் திருவிழாக்கள் வந்தால் பிள்ளைகள் தடுமாறிப்போவார்கள்.

'அறுவடைத் திருநாள்' என்ற பெயரை முன்வைத்த நண்பரின் எண்ணம் எனக்குப் புரிகிறது. விளைச்சல் வீடு வந்து சேரும் வேளையில் நிலவுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இந்த விழாவின் வேர்களுள் ஒன்று. ஆனால் 2018 முதல் சீன அரசு 'உழவர் அறுவடைத் திருநாள்' என்று பெயரிட்டே வேறொரு நாளைக் கொண்டாடுகிறது. அது பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22 அல்லது 23இல் வருவது. சூரிய ஓட்டத்தைக் கொண்டு கணிக்கப்படுவதால் நிலவோடு அதற்குத் தொடர்பில்லை. அந்தப் பெயர் அந்த நாளுக்கே இருக்கட்டும்.

'நிலாச்சோறு' என்ற சொல்லைப் படித்தபோது என் அம்மா மொட்டைமாடியில் உருட்டித் தந்த சோற்றுருண்டைகள் நினைவுக்கு வந்தன. அந்தச் சொல்லை மறுப்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் அது நம் வழக்கத்தின் பெயர். அதை வைத்தால் வாசிக்கும் பிள்ளை நம் மாடியைப் பார்க்கும், அவர்கள் மாடியைப் பார்க்காது.

அவர்கள் மாடியில் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் பெயர் வரவேண்டும் என்று நினைக்கிறேன். குவாங்சோவில் எங்கள் தளத்திலேயே குடியிருந்த ஒரு பாட்டி, அந்த நாளில் மாலையே பால்கனியில் மடக்கு மேசையொன்றை நிலவு எழும் திசை பார்த்து விரித்துவிடுவார். மேசையில் ஒரு முழுப் பம்பளிமாஸ் பழம், தோலோடு வேகவைத்த சிறு சேப்பங்கிழங்குகள், எருமைக் கொம்பு போல வளைந்த கருநிற நீர்க்கொட்டைகள், தேநீர்க் கிண்ணங்கள், நடுவில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த வட்டமான பண்டம் இவையெல்லாம் இருக்கும். பம்பளிமாஸின் சீனப் பெயரும் 'காத்தருள்' என்னும் பொருளுள்ள சொல்லும் ஒரே ஒலிப்புடையவை என்பதால் அந்தப் பழம் தவறக் கூடாது. பழத்தை உரித்தபின் தோலை வீசாமல், அதில் பூ வடிவில் துளைகள் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி வைத்துப் பேரனிடம் கொடுத்தார். பிறகு கத்தியை எடுத்து அந்தப் பண்டத்தைக் குறுக்கே அறுத்தபோது, கரும்பழுப்பான தாமரை விதை விழுதின் நடுவே உப்பிலிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு உருண்டையாகத் தெரிந்தது. அதுதான் நிலவு என்று பேரன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். பாட்டி ஆறு துண்டுகள் போட்டார்.

இந்த நாளுக்குச் சீனரிடையே வழங்கும் இன்னொரு பெயரில் 'துவான்யுவான்' என்ற சொல் வருகிறது. பிரிந்தவர் ஒன்றுசேர்வதையும் வட்டத்தையும் அது ஒருங்கே சுட்டும். நிலவு வட்டம், பண்டம் வட்டம், மேசையைச் சுற்றி உட்காரும் குடும்பமும் வட்டம். குறைவில்லாமை என்பதே இந்த விழாவின் உட்பொருள். 2008 முதல் இது அங்கே அரசு விடுமுறை நாளாகவும் இருப்பதால், வெளியூரில் வேலை பார்ப்போர் வீடு திரும்ப வழி சற்றுக் கூடுதலாகவே திறந்திருக்கிறது.

எனவே என் பரிந்துரை 'கதிர்ப்பூரணை'. தமிழில் கதிர் என்பது நெற்கதிர், அதுவே ஒளிக்கதிர். சீன எழுத்தில் பயிரும் தீயும் அடுத்தடுத்து நிற்பதைப் போல, நம் ஒரே சொல்லில் விளைச்சலும் ஒளியும் சேர்ந்திருக்கின்றன. 'ச்சியூ' பருவத்தையே இந்த நூலில் 'கதிர்காலம்' என்று எழுத எண்ணியிருக்கிறேன். பூரணை என்பது முழுநிலா. ஈழத்து வழக்கில் இன்றும் உயிரோடு உள்ள சொல். நடு என்ற பொருள் விட்டுப்போகிறதே என்று கேட்பீர்கள். நிலவைக் கொண்டு எண்ணும் மாதத்தில் பூரணையே நடு என்பதால் அதைத் தனியே சொல்லத் தேவையில்லை. 'தைப்பூசம்' போல மாதமும் விண்மீனும் ஒட்டிய பெயர்கள் நம் நாவுக்குப் பழகியவை. 'நிறைமதி' என்ற தூய வடிவத்தை விரும்புவோருக்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் பூரணையை நான் பற்றிக்கொள்வதற்கு மற்றொரு காரணம் உண்டு, அது சமையலறையிலிருந்து வருகிறது.

பாட்டி அறுத்த அந்த வட்டப் பண்டத்தின் பெயர் 'யுவேபிங்'. 'யுவே' நிலவு. 'பிங்' என்பது மாவில் செய்த தட்டையான வட்டப் பண்டங்கள் பலவற்றுக்கும் பொது. சிங்கப்பூர்த் தமிழர் வாயில் அது 'மூன்கேக்', உரையாடலில் அப்படியே இருக்கலாம். ஆனால் கேக் என்று படிக்கும் தமிழ்ப்பிள்ளை பிறந்தநாளுக்கு வெட்டும் மெத்தென்ற கேக்கை நினைக்கும். இது கனமானது, மெல்லிய மேலோட்டுக்குள் முழுக்கவும் பூரணம். ஆம், கொழுக்கட்டைக்குள் வைப்பதை நாம் எந்தச் சொல்லால் குறிக்கிறோமோ அதே பூரணம். பூரணை நாளில் பூரணம் வைத்த பண்டம் என்று தமிழில் எழுதும்போது, சீனர் வட்டத்துக்கும் ஒன்றுசேர்தலுக்கும் இடையே கேட்கும் எதிரொலியில் ஒரு பங்காவது நமக்கும் கேட்கிறது. பண்டத்தின் பெயராக 'நிலா அப்பம்' என்பதை முன்வைக்கிறேன். அப்பம் தேவாலய வழக்கில் சுட்ட ரொட்டிக்கும், பிள்ளையார் படையலில் எண்ணெயில் இட்ட இனிப்புக்கும் ஆகி வந்ததால், 'பிங்' போலவே அகலமான சொல். 'இனிப்பு' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்க வேண்டாம். சூச்சோ நகரத்து அடுக்கடுக்கான மேலோட்டுக்குள் பன்றி இறைச்சி இருக்கும், யுன்னானில் பதப்படுத்திய பன்றித் தொடை இருக்கும். உப்புக் கொழுக்கட்டையைப் போல உப்புப் பூரணம் என்றால் தமிழர் எவருக்கும் விளங்கும்.

செய்முறைச் சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன். மாவைப் பூரணத்தோடு அழுத்தி, பின் மேசை விளிம்பில் இடமும் வலமும் தட்டிக் கவிழ்க்கும் மரத்துண்டை 'அச்சு' என்றே சொல்லலாம். இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் அச்சு இருக்கையில் வேறு சொல் எதற்கு? குவாங்சோ வட்டாரத்துக்குரிய கான்டனிய வகை அப்பம் அடுப்பிலிருந்து வந்தவுடன் மேலோடு விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று நாள் வைத்த பிறகே பூரணத்தின் எண்ணெய் மேலோட்டுக்கு ஏறி, அது மிருதுவாகிப் பளபளக்கும். சீனர் இதை 'எண்ணெய் திரும்புதல்' என்கிறார்கள். ஒருவர் 'எண்ணெய் மீள்பரவல்' என்று பரிந்துரைத்திருந்தார். அதிரச மாவைப் பற்றி நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 'ஊறட்டும்' என்கிறோம். 'எண்ணெய் ஊறல்' போதுமானது.

இதே எட்டாம் மாத முழுநிலா நாளில் வரும் கொரியரின் சூசோக், வியட்நாமியரின் துங் து ஆகிய விழாக்களுக்கும் இந்தப் பெயரையே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். துங் து, சோங்ச்சியூவின் வியட்நாமிய ஒலிப்பே என்பதால் விளக்கத்தில் கதிர்ப்பூரணை என்று குறிக்கலாம். சூசோக்கில் முன்னோர் கல்லறை வழிபாடு முதன்மை பெறுவதால் அதை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம்.

குடும்பமாக உண்ணும் இரவுணவுக்குச் சிங்கப்பூர் வழக்கில் உள்ள 'ஒன்றுகூடல் விருந்து' அப்படியே பொருந்துகிறது. எனக்கு மிகுந்த தயக்கம் தந்தது, வராதவருக்காக அறுத்து வைக்கும் அந்த ஆறாவது துண்டு. அதற்கு 'ஒதுக்கீட்டுப் பங்கு' என்று முதல் படியில் எழுதியிருந்தேன், அது ரேஷன் கடையை நினைவூட்டுகிறது. அன்றிரவு பாட்டி அந்தத் துண்டைச் சிறு கிண்ணத்தில் இட்டு மூடி, செங்டுவில் வேலை பார்க்கும் இளைய மகன் பெயரைச் சொல்லிக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். நம் வீடுகளில் இதற்கு 'அவனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்' என்போம். ஆகவே அதை 'எடுத்துவைத்த பங்கு' என்று திருத்திவிட்டேன்.