சாய்ந்த சுவரும் பாக்ஸ் பையன்களும்

டாக்சிக்காரன், எஸ்பெல்காம்ப்

1997 செப்டம்பர். ரயிலடியில் இரண்டு அமெரிக்கக் கிழவர்கள் என் டாக்சியில் ஏறினார்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டினார்கள். அதில் வீடே இல்லை. ஒரு பெரிய குழி, ஓரத்தில் மண்வெட்டியோடு எட்டுப் பையன்கள். "இந்தக் குழியின் மேல் இப்போது ஒரு வீடு இருக்கும், அங்கே விடு" என்றார் உயரமானவர்.

எங்கள் ஊர் ஜெர்மனியில் எஸ்பெல்காம்ப். ஹிட்லர் படையின் வெடிமருந்துக் கிடங்காக இருந்த இடம். காட்டுக்குள் ஒளித்துக் கட்டியது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் தகர்க்க இருந்தார்கள். கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்களை இங்கே குடிவைக்கலாம் என்று பிர்கர் ஃபோரெல் என்ற சுவீடன் பாதிரியார் விடாமல் நின்றதால் தப்பியது. அதுவரை எனக்குத் தெரியும். வீடுகளை யார் கட்டினார்கள் என்று, அத்தனை வருடம் அங்கே வண்டி ஓட்டியும் நான் கேட்டதே இல்லை.

கட்டியவர்களில் இருவர் என் பின்சீட்டில் இருந்தார்கள். மெனொனைட்டுகள், அதாவது ஆயுதம் தொடாத கிறிஸ்தவர்கள். கொரியப் போருக்கு அமெரிக்கா ஆள் எடுத்தபோது, துப்பாக்கிக்குப் பதிலாக வேறு சேவை செய்கிறோம் என்றவர்கள். 1951இல் தொடங்கிய பாக்ஸ் (லத்தீனில் 'அமைதி') திட்டத்தில் ஜெர்மனிக்கு வந்து அகதிகளுக்கு வீடு கட்டினார்கள். சம்பளம் கிடையாது. மாதம் 75 டாலர் வீட்டிலிருந்தோ சபையிலிருந்தோ இவர்கள்தான் கட்ட வேண்டும். "கூலி கொடுத்து வேலை பார்த்தோம்" என்று உயரமானவர் சிரித்தார்.

ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். மீட்டரை எப்போதோ நிறுத்திவிட்டேன். எல்லா வீட்டுக்கும் புதுப் பூச்சு, புது ஜன்னல். கடைசியில் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பாக்ஸ் பையன்களா?" என்று கேட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எங்களை நேரே நிலவறைக்குக் கூட்டிப்போனார். 1945இல் டான்ட்ஸிக் பக்கமிருந்து ஓடிவந்தவராம்.

உயரமானவர் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது, அதற்குமுன் கொத்துக்கரண்டி பிடித்ததில்லை. அந்த ஒரு வரிசை மட்டும் சாய்ந்துவிட்டது, மேஸ்திரி திட்டினாராம். பாட்டி இடுப்பில் கைவைத்து, "ஓ, அது நீதானா! நாற்பத்தைந்து வருடமாக என் ஜாம் அலமாரி இந்தச் சுவரில் நேராக நின்றதில்லை. என் புருஷன் அதன் அடியில் ஆப்பு வைத்தே செத்தான்" என்று ஒரு பிடி பிடித்தார். கிழவர் சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

வின்னிபெக் தாதி

டாக்சி அண்ணா, உங்கள் கதையைப் படித்ததும் நினைவு வந்தது. இங்கே கனடாவில் நான் பார்த்துக்கொண்ட ஓர் அம்மா வோலன்டாம் கப்பலில் போனவர். 1947 பிப்ரவரி 1, பிரேமர்ஹாஃபனிலிருந்து 2,303 மெனொனைட் அகதிகள் பராகுவேக்குப் புறப்பட்ட கப்பல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெர்லினில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சோவியத் பகுதியைத் தாண்டிவர அனுமதியில்லை. கடைசி நேரத்தில்தான் ரயில் வந்து சேர்ந்தது. கூட்டிவந்தவர்கள் பீட்டர் டிக், எல்ஃப்ரீடா டிக் தம்பதி. 1921 பஞ்சத்தில் ரஷ்யாவில் இதே மெனொனைட் நிவாரணச் சமையலறைச் சோற்றில் பிழைத்த பிள்ளைதான் பீட்டர். எல்ஃப்ரீடா ஒரு நர்ஸ். பின்னால் அவரே தனியாகப் பொறுப்பேற்றும் பயணம் நடத்தினார். இதை ஏனோ பலர் சொல்வதில்லை, எனக்குக் கோபம்.

அந்த அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பின்னால் பராகுவேயிலிருந்து கனடா வந்துவிட்டார். ஒவ்வொரு பிப்ரவரியும் தேவாலய நிலவறையில் கூடுவார்கள். நான்தான் சக்கர நாற்காலி தள்ளுவேன். காபி, ஒரு பன்னின் தலையில் இன்னொரு குட்டி பன் உட்கார்ந்த மாதிரி ஸ்வீபாக். பிரசங்கத்தில் அற்புதம், செங்கடல் என்றெல்லாம் வரும். மேசையில் பேச்சே வேறு. ரயிலில் இருந்தது ஒரு வாளியா இரண்டு வாளியா என்று இவரும் இன்னொரு பாட்டியும் வருடாவருடம் சண்டை. அந்தப் பாட்டி போன வருடம் இறந்துவிட்டார். இந்த முறை இவர் தானாகவே, "இரண்டுதான் இருந்திருக்கும்" என்றார்.

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு மதுரைக்காரன்

என்னுடையது சின்னது. இங்கே மெனொனைட்டுகள் 1946லிருந்து லாரியில் பாய்லரோடு ஊர் ஊராகப் போய் இறைச்சியை டப்பாவில் அடைத்து நிவாரணத்துக்கு அனுப்புகிறார்கள். ஆபீஸ் நண்பன் இழுத்துப்போனான். பக்கத்தில் டப்பா துடைத்த தாத்தா, பதினெட்டு வயதில் 'கடல் கவ்பாயாக' போலந்துக்குப் போனவர். போரில் கால்நடை அழிந்த நாடுகளுக்குக் குதிரையும் பசுவும் கப்பலில் போயின. 1945 முதல் 1947 வரை சுமார் 7,000 பேர் அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். பழைய ஆட்களைச் சந்தித்தால் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். "சாணி" என்றார்.

டாக்சி அண்ணே, அந்த ஆப்பு என்ன ஆச்சு?

டாக்சிக்காரன், எஸ்பெல்காம்ப்

கேட்டுவிட்டீர்களே. கிழவர் அதைத் தனக்குத் தரச் சொல்லி வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அலமாரி ஜாமோடு முன்னால் வந்தது. நான் தோள் கொடுத்துத் தாங்கினேன், பாட்டி என் டாக்சியிலிருந்த பழைய ரோடு மேப்பை வாங்கி எட்டாக மடித்து அடியில் செருகினார்.