பைலா தாளத்தில் பாபிலோன் நதி

(வெள்ளவத்தைக் குடும்பக் குழு, ஞாயிறு காலை)

மாமி: எல்லாருக்கும் காலை வணக்கம். நேற்றுக் கல்யாண வீட்டில் சாப்பாடு அருமை, பொம்பிளையும் நல்ல வடிவு. ஆனால் அந்த இசைக்குழு ‘ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்’ பாட்டை நம்ம ஊர் ஆட்டத் தாளமான பைலாவாக்கி அடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி: மண்டபமே எழும்பி ஆடியது மாமி! பெரியப்பாவும் ஆடினார்.

மாமி: ஆடினதுதான் எனக்கு மனவருத்தம். அது பைபிளில் இருக்கிற சங்கீதம் 137. பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன யூதச் சனம் ஆற்றங்கரையில் இருந்து ஊரை நினைத்து அழுகிற பாட்டு.

அண்ணா: மாமி, கோபத்தை அந்த இசைக்குழு மேல் மட்டும் காட்டாதீர்கள். 1978இல் போனி எம் குழு அதை டிஸ்கோவாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடம். நம் வீடுகளில் இருந்த கசெட் எல்லாம் அதுதானே.

அக்கா: ஆனால் அது போனி எம் பாட்டே இல்லை. 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடினது. அதைக் கேட்டால் வித்தியாசம் விளங்கும். தாளம் மெதுவாக, குரல் கொஞ்சம் கலங்கினமாதிரி இருக்கும். அவர்கள் ராஸ்தாபாரி நம்பிக்கைக்காரர். வேதத்தில் ‘கர்த்தரின் பாட்டு’ என்று இருந்ததை ‘கிங் அல்பாவின் பாட்டு’ என்று மாற்றினார்கள். அது ராஸ்தாபாரிகள் தெய்வமாகக் கருதுகிற எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைக் குறிக்கும். போனி எம் அதைத் திரும்பக் ‘கர்த்தர்’ ஆக்கியது. அந்த ஒரு மாற்றத்தோடு பாட்டின் ஊரும் உறவும் போய்விட்டது.

தம்பி: அக்கா, போனி எம்மில் அதைப் பாடின லிஸ் மிட்செல் ஜமைக்காவில் பிறந்து சின்ன வயதிலேயே லண்டனுக்குப் போனவர். அவருக்கு ஊர் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

அக்கா: குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையடா. அந்தக் குரலுக்குக் கீழே போட்ட தாளம்தான் எனக்குப் பொருந்தவில்லை.

மாமி: பிள்ளைகள், ஒன்று கேளுங்கள். அந்தச் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். அழுதுகொண்டிருக்கிற சனத்திடம் பிடித்துக்கொண்டு போனவர்களே வந்து, ‘சந்தோஷமாக உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன்’ என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் ‘அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது?’ என்று அடுத்த வசனம் வருகிறது. அந்தப் பாட்டையே கொண்டாட்டத் தாளத்தில் அடித்தால், பிடித்தவன் கேட்டதை நாங்களே செய்து கொடுக்கிறோம். நேற்று எனக்குத் தொண்டையை அடைத்தது அதனால்தான்.

நான்: இதை இவ்வளவு நாளும் நான் யோசித்ததே இல்லை மாமி. இனி அந்தப் பாட்டை வேறு காதோடுதான் கேட்பேன்.

அண்ணா: சரி, அப்படியென்றால் எந்தப் பாட்டையும் தாளம் மாற்றிப் பாடக்கூடாதா? ஜோனி கேஷ் பாடின ‘ஹர்ட்’? மூலப் பாட்டு 1994, நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவுடையது, இருபது வயதுகளில் இருந்த ட்ரென்ட் ரெஸ்னர் எழுதினது. கேஷ் 2002இல் பாடும்போது வயது எழுபது. கிட்டார், பியானோ, நடுங்குகிற குரல். ஒரு சொல்லை மாற்றி முள்முடி என்று வைத்தார். அதோடு ஒரு இளைஞனின் வெறுப்பு ஒரு கிழவரின் கணக்குத் தீர்ப்பு ஆகிவிட்டது. அந்தப் பாட்டு இனித் தன்னுடையது இல்லை என்று ரெஸ்னரே சொன்னார்.

அக்கா: அதில் சொல்லும் குரலும் ஒன்றாகப் போகிறது. பட் பூன் 1956இல் பாடின ‘டூட்டி ஃப்ரூட்டி’யைக் கேளுங்கள். லிட்டில் ரிச்சர்ட் அதற்கு முந்தின வருஷம் தொண்டை கிழியக் கத்தின பாட்டை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆக்கிவைத்திருக்கிறார். அமெரிக்கப் பட்டியலில் பூனுடையதுதான் மேலே போனது. வெள்ளைக்காரக் குரலில் விற்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

தம்பி: ‘மெனிகே மகே ஹிதே’ என்ற சிங்களப் பாட்டை மறந்துவிட்டீர்களா? சதீஷன் 2020இல் பாடினது. அடுத்த வருஷம் யோஹானி சதீஷனோடு சேர்ந்து திரும்பப் பாடித்தான் உலகமே கேட்டது. நம்ம கொழும்பில் உருவான பாட்டு!

அண்ணா: அதில் பொருந்தாதது எதுவும் இல்லை. பாட்டின் மனநிலை அப்படியே இருக்கிறது. அடுத்தது?

பெரியப்பா: நான் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். தங்கச்சி சொல்லும் வசனம் சரி, அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் பைலாவைக் கொண்டாட்டத் தாளம் என்று மட்டும் சொல்லாதே. போர்த்துக்கேயரும் பின்னால் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து சனத்தை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் இன்றும் ‘மஞ்ச’ பாடுகிறார்கள். வரிகள் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயத்திலிருந்து வந்த கலப்பு மொழி. சின்ன மேளத்தோடு மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏறும். வீட்டில் கிடைக்கும் கரண்டியும் கோப்பையும் போத்தலும்கூட வாத்தியம்தான். பைலாவின் ஆறு-எட்டுத் தாளத்துக்கு அதுவும் ஒரு வேர்.

பெரியப்பா: ஆகவே ஊரைவிட்டுப் பிரித்துக் கொண்டுவந்தவர்களின் பாட்டை, ஊரைவிட்டுப் பிரித்துக் கொண்டுவந்தவர்களின் தாளத்தில் நேற்று அடித்தார்கள். டிஸ்கோவை விட அது அந்தப் பாட்டுக்குக் கிட்ட.

மாமி: அண்ணை, இதை நேற்று மேடையில் யாராவது சொல்லிவிட்டு அடித்திருந்தால் நான் வேறுமாதிரிக் கேட்டிருப்பேன்.

அக்கா: அடிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்ததா பெரியப்பா? எனக்கு அதுதான் கேள்வி. பாடுகிறவர் சொல்லைக் கேட்டுவிட்டுத் தாளத்தை மாற்றினால் சரி. சொல்லைக் கேட்காமல் மாற்றினால்தான் பொருந்தாமல் போகிறது.

பெரியப்பா: தெரிந்ததோ இல்லையோ, கை அறிந்திருக்கிறது பிள்ளை. கை அறிந்தால் எனக்குப் போதும்.

அக்கா: எனக்குப் போதாது 🙂

அண்ணா: இதைப் பேசி முடிக்க முடியாது. சித்திரைக்கு நுவரெலியா போகிற வேனில் என்ன போடுவது? முழு இசைத்தட்டாகச் சொல்லுங்கள், தனிப்பாட்டு வேண்டாம். இந்த வெக்கையில் கொழும்பிலிருந்து அவிசாவளை தாண்டும் வரை உயிர் கொடுக்க வேண்டும்.

தம்பி: நமக்கு எங்கே கோடை? எப்பவும் வெக்கைதானே.

பெரியப்பா: ஏன் இல்லை? சித்திரையில் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கிறது. வைகாசியில் தென்மேல் பருவமழை தொடங்கும். அதற்கு முன் இருக்கிற அந்தப் புழுங்கல்தான் நமக்குக் கோடை.

அண்ணா: என்னுடைய தெரிவு ‘பெட் சவுண்ட்ஸ்’. பீச் போய்ஸ், 1966 மே. கடற்கரைப் பாட்டு என்று நினைத்து ஆரம்பிப்போம், ஆனால் உள்ளே முழுதும் தனிமை. அதிலே ‘ஸ்லூப் ஜோன் பி’ என்று ஒன்று, பஹாமாஸ் தீவின் பழைய நாட்டுப்பாட்டு. அத்தனை குரலும் அடுக்கடுக்காகச் சிரிக்கின்றன, வரியோ ‘என்னை வீட்டுக்குப் போகவிடு’ என்கிறது.

மாமி: அதையும் கேட்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அக்கா: நான் ‘எக்ஸோடஸ்’. 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் பொப் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். அவர் லண்டனுக்குப் போய், அடுத்த வருஷம் ஜூனில் இந்தத் தட்டு வந்தது. முதல் பக்கம் கனமானது, இரண்டாம் பக்கம் வெயிலில் காயப்போட்டமாதிரி லேசானது. கடைசியில் வருகிற ‘வன் லவ்’ பாட்டுக்குள் கேர்ட்டிஸ் மேஃபீல்டின் ‘பீப்பிள் கெட் ரெடி’யைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அப்படிச் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை.

நான்: எனக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் அர்ப்பணித்தது. மத்தியானம் மின்விசிறி சுத்தினபடியே இருக்க, வி. எஸ். நரசிம்மனின் வயலின் வந்தால் வெக்கை ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும்.

தம்பி: வேனில் வயலினா? எல்லாரும் நித்திரை கொண்டுவிடுவார்கள்.

நான்: மலை ஏறும்போது போடலாம். அவிசாவளை வரை மார்லி.

பெரியப்பா: நித்தி கனகரத்தினத்தின் பொப் பாட்டுகள் இல்லாமல் நான் வேனில் ஏறமாட்டேன். சிலோன் மனோகரும் வேண்டும். ‘சுராங்கனி’யை விட்டுவிடாதீர்கள். மனோகர் 2018இல்தான் போனார், அந்தக் குரலுக்கு இந்த ஊர் நிறையக் கடன்பட்டிருக்கிறது.

மாமி: ‘படகோட்டி’ படப் பாட்டும் போடுங்கள். ‘தொட்டால் பூ மலரும்’ 1964இல் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடினது. 2004இல் ‘நியூ’ படத்துக்கு ரஹ்மான் வேறு மெட்டில் போட்டதும் எனக்குப் பிடிக்கும், ஆனால் கடலைப் பார்க்கும்போது பழையதுதான்.

தம்பி: மாமி, நுவரெலியாவில் கடல் இல்லை.

மாமி: வெள்ளவத்தையை விட்டு வெளிக்கிடும்போது போடுவார்கள், அப்போது இருக்கும்.

அண்ணா: சரி, பட்டியலை நான் எழுதுகிறேன். அக்கா, மெலோடியன்ஸ் பாட்டையும் அனுப்பு. மாமிக்காக அதையும் முழுதாக ஒருமுறை கேட்போம்.

அக்கா: அனுப்பிவிட்டேன். பெரியப்பா, கேட்டுவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லவேண்டும், ஆடக்கூடாது.

பெரியப்பா: கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஆடுவேனா இல்லையா என்பதை அந்தப் பாட்டு தீர்மானிக்கட்டும்.