சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வாங்கி திருச்சிக்கு கொண்டு வரணும், லேப்டாப்பா டெஸ்க்டாப்பா?

துவாஸ்_தம்பி, 8 டிசம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல இருக்கேன், ஒர்க் பெர்மிட், வந்து நாலு வருஷம் ஆச்சு. பொங்கலுக்கு ஒரு மாசம் லீவு கெடச்சிருக்கு, ஜனவரி 10ஆம் தேதி திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு. தங்கச்சி பி.ஆர்க் (கட்டடக்கலை) ரெண்டாவது வருஷம் படிக்குது, ஆட்டோகேட், ரெவிட், லூமியான்னு கட்டட டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் ஓட்டணுமாம், இப்ப வச்சிருக்கிற பழைய லேப்டாப்ல ஒரு ரெண்டர் (டிசைன நிஜப் படம் மாதிரி மாத்துறது) போட்டா ராத்திரி முழுக்க ஃபேன் கத்திக்கிட்டே இருக்கு, காலைல பாத்தா பாதியில நின்னுருக்கு, அப்புறம் ப்ராஜெக்ட மார்க் போட வந்து பாக்குற ஜூரி அன்னைக்கு அழுதுக்கிட்டே எனக்கு போன் பண்ணுது. போன மாசம் அப்படி பண்ணப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த தடவ நகை நட்டு எதுவும் வேணாம், இதுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துடணும்னு.

1,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் சேத்து வச்சிருக்கேன். ரூம்ல இருக்கிற அண்ணன் டெஸ்க்டாப்தான் அதே காசுக்கு பெரிய கிராபிக்ஸ் கார்டோட கிடைக்கும், அதை வாங்கு, 30 கிலோ லக்கேஜ் இருக்குல்ல அதுல போட்டுடலாம்னு சொல்றாரு. எனக்கு மூணு சந்தேகம். ஒண்ணு, டெஸ்க்டாப்புக்கு கஸ்டம்ஸ்ல வரி கட்டணுமா. ரெண்டு, ஏர்போர்ட்ல ஜிஎஸ்டி திருப்பி தர்றாங்களே அது எனக்கு கிடைக்குமா. மூணு, ஊர்ல போய் ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப நாள் சேத்த காசு.

வண்டலூர்_வாசி, 8 டிசம்பர் 2024

தம்பி, டெஸ்க்டாப் வேணாம். நான் 2022ல அதே தப்ப பண்ணேன், அதனால விவரமா சொல்றேன்.

சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற சிம் லிம் ஸ்கொயர்ல அசெம்பிள் பண்ணி வாங்குனேன், பில் 1,850 வெள்ளி. கடைக்காரரே கேபினட்ட அட்டைப்பெட்டில வச்சு சுத்தி தெர்மாகோல் வச்சு டேப் போட்டு கொடுத்தாரு, நானும் நம்பி செக்-இன்ல போட்டுட்டேன். சென்னைல பெல்ட்ல வந்த பெட்டிய தூக்குறப்பவே உள்ள சலசலன்னு சத்தம், அப்பவே வயிறு கலங்கிருச்சு. அது ஒரு பக்கம் இருக்க, பெட்டிய ட்ராலில வச்சு வரி கட்ட ஒண்ணும் இல்லாதவங்க போற க்ரீன் சேனல்ல நடந்தா கஸ்டம்ஸ்ல நிப்பாட்டி எக்ஸ்ரேல போடச் சொன்னாங்க. டெஸ்க்டாப்னு சொன்னேன், பில் கேட்டாங்க, குடுத்தேன். வரி இல்லாம விடுற 50,000 ரூபாய் அலவன்ஸ் போக மீதிக்கு 38.5 சதவீதம் வரி. 21 ஆயிரத்து சொச்சம் கட்டிட்டுத்தான் வெளிய வந்தேன். அந்த ஆபீசர் மரியாதையாத்தான் பேசுனாரு, அவர் மேல எனக்கு வருத்தமில்ல, விதி தெரியாம போனது நான்தான்.

வீட்ல வந்து பிரிச்சு பாத்தா சைடு கண்ணாடி சுக்குநூறா உடஞ்சு உள்ள முழுக்க கல்கண்டு மாதிரி கொட்டிக் கிடக்கு. கிராபிக்ஸ் கார்டு ஒன்றரை கிலோ இருக்கும், அது ஆடி ஆடி மதர்போர்டுல இருந்த ஸ்லாட்டயே ஒரு பக்கம் பேத்து எடுத்துருச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் புது மதர்போர்டு, புது கேபினட் வாங்கிப் போட்டேன். எல்லாம் கூட்டிப் பாத்தா இங்கயே வாங்கியிருந்தா ஆகியிருக்கும் செலவ விட கூடத்தான் ஆச்சு.

உன் தங்கச்சி ஸ்டுடியோவுக்கு தூக்கிட்டு போகணும், ஹாஸ்டல்ல இருந்தா அங்கயும் வேணும். லேப்டாப்தான்.

ரூல்_நம்பர்_மூணு, 9 டிசம்பர் 2024

மேல அண்ணன் சொன்னது சரி, கணக்க மட்டும் தெளிவா எழுதுறேன், ஏன்னா இதுல நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு.

2024 நிலவரத்துல, 2016 பேக்கேஜ் ரூல்ஸ் படி சிங்கப்பூர்ல இருந்து வர்ற இந்தியருக்கு, அவர் போட்டிருக்கிற துணிமணி மாதிரி சொந்த உபயோகப் பொருள் போக 50,000 ரூபாய் வரைக்கும் பொருள் ஃப்ரீ. அதுக்கு மேல போற மதிப்புக்கு 35 சதவீதம் வரி, அந்த வரி மேல 10 சதவீதம் சர்சார்ஜ், அதான் 38.5 ஆகுது. லேப்டாப்புக்கு தனி சலுகை, 18 வயசு ஆன பயணிக்கு ஒரு லேப்டாப், விலை எவ்வளவா இருந்தாலும் வரி கெடயாது, அந்த 50,000லயும் சேராது. டெஸ்க்டாப்புக்கு அந்த சலுகை இல்ல. ஆல்-இன்-ஒன் மெஷினும் லேப்டாப் ஆகாது.

உங்க 1,900 வெள்ளிய 63 ரூபாய்னு வச்சா கிட்டத்தட்ட 1,20,000. டெஸ்க்டாப்னா 70,000க்கு வரி, அதாவது 26,950 ரூபாய். லேப்டாப்னா பூஜ்யம். கூட வர்ற ஃப்ரெண்டோட அலவன்ஸையும் என்னோடதையும் சேத்துக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க, அப்படி சேக்க முடியாதுன்னு ரூல்லயே இருக்கு.

ஜிஎஸ்டி விஷயம். சிங்கப்பூர்ல 2024 ஜனவரில இருந்து 9 சதவீதம். 1,900 வெள்ளி பில்லுல அது 157 வெள்ளி கிட்ட வரும். ஆனா திருப்பித் தர்றது டூரிஸ்டுக்கு மட்டும்தான், ஒர்க் பெர்மிட் இருக்கிறவங்களுக்கு கெடயாது. அதனால அந்த காச கணக்குல சேக்காம பட்ஜெட் போடுங்க.

இன்னொன்னு கேக்கணும், நீங்க இப்ப சொந்தமா ஒரு லேப்டாப் வச்சிருக்கீங்களா, அதையும் கூட கொண்டு வர்றதா இருக்கீங்களா?

தேக்கா_பாலம், 9 டிசம்பர் 2024

ஜிஎஸ்டிக்கு ஒரு வழி இருக்கே, ஊர்ல இருந்து யாராச்சும் விசிட் விசால வந்தா அவங்க பாஸ்போர்ட்ட காட்டி வாங்கிட்டா போச்சு, முஸ்தபா கடைல நிறைய பேர் அப்படித்தான பண்றாங்க

ரூல்_நம்பர்_மூணு, 9 டிசம்பர் 2024

தயவுசெஞ்சு இத பண்ணாதீங்க. வாங்குறவரும் கொண்டு போறவரும் அந்த டூரிஸ்டாவே இருக்கணும், அடுத்தவர் வாங்குன பொருளுக்கு ரீஃபண்ட் கேக்குறது அங்க குற்றம். 157 வெள்ளிக்காக ஒரு பையனோட பெர்மிட்டுக்கே பிரச்சனை வந்தா அவன் குடும்பம் என்ன ஆகும், வந்த உறவுக்காரருக்கும் சேத்து சங்கடம்.

துவாஸ்_தம்பி, 9 டிசம்பர் 2024

ரொம்ப நன்றி அண்ணே. ஆமா, ஒரு பழைய லேப்டாப் இருக்கு, 2021ல இங்கதான் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. வீடியோ கால் பேச, படம் பாக்க. அதையும் ஊருக்கு எடுத்துட்டு போயி அப்பாவுக்கு குடுக்கலாம்னு நெனச்சேன். அது தப்பா?

ரூல்_நம்பர்_மூணு, 9 டிசம்பர் 2024

தப்பில்ல, ஆனா சலுகை ஒரு லேப்டாப்புக்குத்தான். ரெண்டாவது 50,000 கணக்குல போகும். பழசுதான், மதிப்பு கம்மிதான், ஆனா அதுக்கு பில் இல்லாம நின்னு விளக்கம் சொல்லணும், கூடவே சாக்லேட், சென்ட், போன்னு வேற பொருள் இருந்தா எல்லாத்தையும் சேத்து கூட்டுவாங்க. ரூம்மேட் கிட்ட வச்சிட்டு வாங்க, அடுத்த லீவுக்கு எடுத்துட்டு போலாம். ஊர்ல இருந்து கொண்டு போன லேப்டாப்பா இருந்தா கதை வேற, கிளம்புறப்பவே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா திரும்ப வர்றப்ப கேள்வி வராது.

மதுரக்கார_அக்கா, 10 டிசம்பர் 2024

மூணாவது கேள்விய யாரும் தொடல, அதான் எனக்கு பட்ட அடி. நான் சிங்கப்பூர் ஜூரோங்ல ஆறு வருஷம் இருந்தேன். 2020ல என் தம்பிக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கி அனுப்புனேன், ஏழு மாசத்துல டிஸ்ப்ளே வரல. மதுரைல அந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு போனா சீரியல் நம்பர தட்டிப் பாத்துட்டு இது சிங்கப்பூர் வாரண்டி, இங்க செல்லாதுன்னுட்டாங்க. ஒரு வருஷ வாரண்டி பாக்கி இருந்தும் பிரயோஜனமில்ல. ஊருக்கு வந்த ஒருத்தர் கிட்ட கெஞ்சிக் குடுத்து திருப்பி சிங்கப்பூர் வரவச்சு, அங்க ரிப்பேர் பண்ணி, திருப்பி அனுப்புறதுக்குள்ள அவன் செமஸ்டரே முடிஞ்சிருச்சு.

அதனால தம்பி, கடைல நின்னு இன்டர்நேஷனல் வாரண்டியான்னு வாயால கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. ஒரே பிராண்டுல ஒரு மாடலுக்கு இருக்கும், அடுத்த மாடலுக்கு இருக்காது. மாடல் நம்பர போட்டு கம்பெனி சைட்ல நீங்களே பாருங்க, இந்தியான்னு பேர் போட்டிருக்கான்னு பாருங்க. சில கம்பெனில சிஸ்டத்த இந்தியாவுக்கு மாத்துறதா ஆன்லைன்ல எழுதிக் குடுக்கணும், அதை வாங்குன வாரத்துலயே பண்ணிடுங்க, கெட்டுப்போன பிறகு பண்ணா நாள் இழுக்கும். பில்லுல சீரியல் நம்பர் அச்சாகி இருக்கணும், ஒரிஜினல ஹேண்ட் லக்கேஜ்ல, போட்டோ போன்ல.

பவர் பத்தி கவலப்படாதீங்க, அங்கயும் இங்கயும் 230 வோல்ட்தான், பின்னுதான் சதுரமா இருக்கும். அடாப்டர மாத்த வேணாம், சுவத்துல இருந்து அடாப்டருக்கு வர்ற வயர் மட்டும் நம்ம ஊர் கடைல வாங்கிக்கலாம். அமெரிக்கால இருந்து டெஸ்க்டாப் கொண்டு வர்றவங்கதான் பாக்கணும், பழைய பவர் சப்ளைல பின்னாடி சிவப்பா ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், 115னு இருக்கும். அதை 230க்கு தள்ளாம எங்க பெரியப்பா பையன் ப்ளக்க சொருகுனான், பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், வீடே கருகுன வாடை.

சாங்கி_டு_திருச்சி, 11 டிசம்பர் 2024

லேப்டாப்ப கைலதான் கொண்டு வரணும், செக்-இன்ல போடாதீங்க. பேட்டரி 100 வாட்-ஹவர் வரைக்கும் பிரச்சனை இல்ல, லேப்டாப் பேட்டரி எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். பவர் பேங்க் கண்டிப்பா கேபின்லதான். பட்ஜெட் ஃப்ளைட்னா கேபின் எடைய பாத்துக்கோங்க, ஸ்கூட்ல ரெண்டு பைக்கும் சேத்து 10 கிலோ, கேமிங் லேப்டாப்பும் அதோட செங்கல் மாதிரி அடாப்டரும் சேந்து மூணு கிலோவ தொட்டுரும்.

அட்டைப்பெட்டிய தூக்கிப் போடாம மடிச்சு சூட்கேஸ் அடில வைங்க. மானிட்டர் ஏதாச்சும் சேத்து வாங்கலாம்னு தோணுனா வேணாம். நான் 27 இன்ச் மானிட்டர் கொண்டு வந்தப்ப டிவியான்னு கேட்டாங்க, ஃப்ளாட் டிவிக்கு அந்த 50,000 சலுகையே கெடயாது, முழு மதிப்புக்கும் வரி. சேனல் எடுக்குற ட்யூனர் இதுல இல்ல, மானிட்டர்தான்னு பில்லயும் பெட்டிமேல இருந்த எழுத்தையும் காட்டி வெளிய வர முக்கா மணி நேரம்.

வண்டலூர்_வாசி, 11 டிசம்பர் 2024

பின்னால படிக்கிறவங்களுக்காக ஒண்ணு. மொத்தமா முடிச்சிட்டு ஊர் திரும்புறவங்களுக்கு, 2024 நிலவரத்துல, டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்னு ஒரு சலுகை இருக்கு. ரெண்டு வருஷம் வெளியூர்ல இருந்து, அந்த ரெண்டு வருஷத்துல லீவுல வந்த நாள் மொத்தம் ஆறு மாசத்த தாண்டாம இருந்து, அதுக்கு முந்தி மூணு வருஷத்துல இதே சலுகைய வாங்காம இருந்தா, 5 லட்ச ரூபாய் வரைக்கும் வீட்டு சாமான் ஃப்ரீ, அந்த லிஸ்டுல டெஸ்க்டாப்பும் பேர் சொல்லி இருக்கு. பொங்கல் லீவுக்கு வர்ற தம்பிக்கு இது இல்ல.

துவாஸ்_தம்பி, 13 ஜனவரி 2025

வந்து சேந்துட்டேன், எல்லாருக்கும் சொல்லணும்னுதான் எழுதுறேன். லேப்டாப்பே வாங்குனேன், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, 1,780 வெள்ளி. அக்கா சொன்ன மாதிரி முதல்ல பாத்த மாடல சைட்ல தேடுனா இந்தியா பேரே இல்ல, கடைக்காரர் மட்டும் இருக்கு இருக்குன்னு சொன்னாரு. அதை விட்டுட்டு 120 வெள்ளி கூட குடுத்து வேற எடுத்தேன், இதுல இந்தியா இருக்கு. பழசு ரூம்லயே இருக்கு.

திருச்சில ஒருத்தர் பைய பாத்துட்டு லேப்டாப் ஒண்ணுதானான்னு கேட்டாரு. ஒண்ணுதான் சார், தங்கச்சிக்குன்னு பில்ல எடுத்தேன். பில்ல வாங்கிக்கூட பாக்கல, போங்கன்னாரு.

நேத்து ராத்திரி தங்கச்சி போன செமஸ்டர்ல பாதியில நின்ன அதே ஃபைல போட்டுப் பாத்துச்சு. அம்மா தோசை ஊத்தி முடிக்கிறதுக்குள்ள ரெண்டர் முடிஞ்சிருச்சு. இப்ப வரைக்கும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, ஆனா காலைல இருந்து அதையே தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.