மேலத்தெரு வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

கார்த்திக் (எடிசன், நியூ ஜெர்சி): அப்பாவின் லாக்கரை இன்று திறந்தோம். பிளாஸ்டிக் உறைக்குள் ஏழு 20 டாலர் தங்கக் காசுகளும், காகித உறையில் தனியாக ஒன்றும் இருந்தன. பழைய தங்கம் வாங்கும் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிடலாமா?

கமலா அத்தை: பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லையே, கண்ணா.

சுந்தரம் சித்தப்பா (சிகாகோ): கார்த்திக், எடைக்குக் கொடுத்துவிடாதே. அந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் காசின் உண்மைத்தன்மையைச் சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறித்து, அதற்குள் வைத்து மூடி முத்திரையிடுகின்றன. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கார்த்திக்: ஆறு காசுகளில் 1924, எம்.எஸ். 63 (எம்.எஸ். என்றால் புழக்கத்துக்கு வராத காசாம்). ஒன்றில் 1908, எம்.எஸ். 64.

மணி: 1933 இருக்கிறதா? 2021இல் ஒரு காசு 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போனதே!

சுந்தரம் சித்தப்பா: தனியார் வைத்திருக்க அமெரிக்க அரசு அனுமதித்த 1933 காசு அது ஒன்றுதான் மணி. நம்மிடம் இருந்தால் வழக்குதான் வரும். 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் தங்கத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டதால் ஏராளமான காசுகள் உருக்கப்பட்டன. ஐரோப்பிய வங்கிகளில் கிடந்தவை தப்பின. 1924 காசு இன்று தாராளமாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். ஆகவே அந்த ஆறுக்கும் தங்க விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

விஜி: அப்படியானால் எடைக்குக் கொடுப்பதில் என்ன தவறு?

சுந்தரம் சித்தப்பா: காசின் எடை 33.4 கிராம், அதில் சுத்தத் தங்கம் 30 கிராமுக்குச் சற்று மேல், மீதி செம்பு. கடைக்காரர் அந்த 30 கிராமுக்கும் கழிவு பிடிப்பார். நாணய வியாபாரிகள் இருவரிடமாவது விலை கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

கமலா அத்தை: தனியாக இருக்கும் காசு ஏன் கறுத்திருக்கிறது? பூந்திக்கொட்டையில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

சுந்தரம் சித்தப்பா: வேண்டவே வேண்டாம், அக்கா! தேய்த்த காசுக்குத் தர எண் கொடுக்கமாட்டார்கள். "சுத்தம் செய்யப்பட்டது" என்று சீட்டில் குறித்துவிடுவார்கள், விலை விழுந்துவிடும். கார்த்திக், பின்பக்கம் கழுகின் கீழே ஏதாவது எழுத்து இருக்கிறதா?

கார்த்திக்: "சி.சி." என்று சிறியதாக இருக்கிறது. ஆண்டு 1890.

சுந்தரம் சித்தப்பா: நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலை! 1870இல் தொடங்கி 1893இல் காசடிப்பதை நிறுத்திவிட்டார்கள். 1890இல் இந்த வகை ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே அடித்தார்கள். எட்டிலும் இதைத்தான் பத்திரமாகப் பார்க்க வேண்டும். ஓரத்தை மட்டும் பிடி. போலியும் உண்டு என்பதால் தரம் பார்க்க அனுப்பு.

கமலா அத்தை: நீ அமெரிக்கா போக டிக்கெட் எடுக்க, அம்மாவின் காசுமாலையை உருக்கினோமே. அப்போது இந்த விவரமெல்லாம் எங்கே போயிற்று, சுந்தரம்?

மணி: 😬

சுந்தரம் சித்தப்பா: அதை இப்போது எடுக்க வேண்டாம், அக்கா.

விஜி: அண்ணா, வரி கட்ட வேண்டுமா?

சுந்தரம் சித்தப்பா: அமெரிக்கச் சட்டப்படி, அண்ணன் மறைந்த நாளின் சந்தை மதிப்பே பொதுவாக வாரிசுக்கு அடக்க விலை, அதாவது விற்கும்போது லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் விலை. அதனால் அந்தத் தேதிக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிட்டு, பிறகு கணக்கரைக் கேளுங்கள். ஸ்லாப் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். படம் பொருந்தவில்லை என்றால் உறையே போலியாக இருக்கலாம்.

கார்த்திக்: சனிக்கிழமை பார்க்கிறேன், சித்தப்பா. சி.சி. காசை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அம்மாவும் இன்னும் சொல்லவில்லை.

கமலா அத்தை: 1924இல் ஒன்று மீனாவின் கல்யாணத்துக்கு என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

விஜி: எங்களிடம் சொல்லவில்லையே, அத்தை.

மணி: இங்கே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் சுங்கத்தில் கணக்குக் காட்ட வேண்டும், அம்மா.

கமலா அத்தை: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினாறாம் நாளுக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார்; யாராவது பதில் சொல்லுங்கள்.