கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேடு: ரொக்கம் கொடுத்து வாங்கினாலும் பதிவாகுமா?

சான்ஹோசேவாசி:
கலிபோர்னியாவில் என் தாயாருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தபின், ஹைட்ரோகோடோன் கலந்த வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு அனுமதி தாமதமானதால் ரொக்கம் கொடுத்து வாங்கினோம். பின்னர் வேறு ஊரில் பார்த்த மருத்துவர், நாங்கள் வாய் திறக்கும் முன்பே மாத்திரைகளின் எண்ணிக்கை வரை திரையைப் பார்த்துச் சொன்னார். காப்பீட்டு நிறுவனத்துக்கே போகாத விவரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? மருந்துச் சீட்டு எழுதும்போதே பதிவாகிவிடுகிறதா?

மருந்தாளுநர்:
இல்லை. மருந்து கைக்கு வந்த பிறகே பதிவாகிறது. ஹைட்ரோகோடோன் கலப்பு மாத்திரைகள் 2014 அக்டோபர் முதல் கட்டுப்பாட்டு மருந்துகளை அடிமையாக்கும் ஆபத்தின்படி பிரிக்கும் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) பட்டியலில் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. அட்டவணை 2 முதல் 5 வரையிலான எந்த மருந்தைக் கொடுத்தாலும், நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எழுதிய மருத்துவரின் டி.இ.ஏ. எண் (கட்டுப்பாட்டு மருந்து எழுதக் கூட்டரசு தரும் பதிவு எண்), மருந்தின் வீரியம், எண்ணிக்கை, அது எத்தனை நாளுக்குரியது ஆகியவற்றை மருந்தகம் அடுத்த வேலை நாளுக்குள் ‘கியூர்ஸ்’ எனும் கலிபோர்னியாவின் கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதை நடத்துவது மாநில நீதித் துறை என்பதால், காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவு விழும். ரொக்கம் கொடுத்தால் தடம் இருக்காது என்று நம்பிப் பல மருத்துவர்களிடம் சீட்டு வாங்குவோரைக் கண்டறியவே இந்த ஏற்பாடு (உங்களைச் சொல்லவில்லை).

உங்கள் மருத்துவர் பார்த்ததும் சட்டப்படியே. 2018 அக்டோபர் 2 முதல், சில விலக்குகள் தவிர, இத்தகைய மருந்தை முதன்முறை எழுதுமுன் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். ஆனால் பதிவேடு தானாக எதையும் தடுப்பதில்லை. இரு சீட்டுகளின் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, ஓபியாய்டுடன் (ஹைட்ரோகோடோன் போன்ற அபின் வகை வலி மருந்து) பென்சோடயசெபைன் (பதற்றம், தூக்கமின்மைக்கான மருந்து வகை) சேர்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது மருத்துவர்தான்.

செயின்ட்லூயிஸ்செவிலியர்:
நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலங்கள் தமக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவே. எங்கள் மிசூரியில் 2021 வரை மாநிலச் சட்டமே இல்லை. செயின்ட் லூயிஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 2017இல் தொடங்கிய பதிவேட்டில் மற்ற கவுண்டிகள் சேர்ந்துகொண்டு காலம் தள்ளின. எதைப் பதிவது என்பதிலும் வேறுபாடு உண்டு: கூட்டரசு அட்டவணையிலேயே இல்லாத காபாபென்டின் (நரம்பு வலி, வலிப்புக்கான மருந்து), ஒஹாயோவில் 2016 டிசம்பர் முதல் பதிவாகிறது. அதேவேளை, மருத்துவமனைப் படுக்கையில் நாங்கள் போடும் மார்பின் ஊசி பொதுவாக இவற்றில் ஏறுவதில்லை.

சான்ஹோசேவாசி:
இருவருக்கும் நன்றி. தாயாரின் பெயர் ஒரு மருந்தகத்தில் தலைப்பெழுத்தோடும், இன்னொன்றில் என் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டும் இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா?

மருந்தாளுநர்:
வரலாம். பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டே பதிவுகள் சேர்க்கப்படுகின்றன. எனவே ஒருவரே இருவராகத் தெரியக்கூடும், நம்மவர் பெயர்களில் இது எளிதில் நேரும். பதிவை அனுப்பிய மருந்தகமே திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். மருத்துவரால் அதைத் திருத்த முடியாது. தாயாரின் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை இரு மருந்தகங்களிலும் மாற்றச் சொல்லுங்கள்.